பரிசோதித்துச் சரியெனக் காணப்பட்ட பூங்குருவி

மறுமுனையில் துணை இயக்குநரின் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுப்பதற்குள் ஒரு பொய் வேண்டும்.

கைவசம் இருந்தவை தீர்ந்துவிட்டன. முதல் மெமோவுக்குத் தனக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டாவது மெமோவுக்கு மனைவிக்குக் காய்ச்சல். மூன்றாவது மெமோ வந்தால் பதில் எழுதவே இடமில்லை. நேராகப் பறிமுதல் கிடங்குதான். ஊரில் பிடிபட்ட கள்ள எடைக்கற்களையெல்லாம் குவித்து வைத்திருக்கும் இருட்டறை அது. அங்கே போன ஆய்வாளர் யாரும் வெளிச்சத்துக்குத் திரும்பியதில்லை.

மணி பதினொன்று நாற்பது. கூட்டம் ஒன்பது மணிக்கு. ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டு போட்டுக்கொண்டு படுத்தவர் இப்போதுதான் எழுந்தார். எழுப்புவதற்கு மனைவியும் இல்லை. தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

எடை அளவு அலுவலகத்தில் இவருக்கு ‘நூறு கிராம்’ என்று பெயர். ஒரு கடையில் ஒரே ஒரு நூறு கிராம் எடைக்கல் அரை கிராம் குறைந்ததற்காகக் கடையையே இழுத்துப் பூட்டியவர். அடுத்தவன் தராசில் அவ்வளவு கறார். சொந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக நிறுப்பார்.

“ஹலோ...”

துணை இயக்குநரின் குரல் கரகரத்தது. கூட்டத்தில் நிறையப் பேசியிருப்பார் போல.

நூறு கிராமின் கண் சுவரில் போய் முட்டி நின்றது. அங்கே பறவை நோக்கர் கழகத்தின் காலண்டர் தொங்கியது. அந்தக் கழகத்துக்குத் தலைவர் துணை இயக்குநர். அதனால் அலுவலகத்தில் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தக் காலண்டர் தொங்கியாக வேண்டும். வாரம் முழுக்கக் கழுத்தில் தூரக்கண்ணாடியோடு நடமாடும் அவரை ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் ‘பைனாகுலர்’ என்பார்கள். இந்த மாதப் படத்தில் கழுத்து கறுத்த பறவை ஒன்று இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே எழுதியிருந்தது: ‘கருங்கழுத்துப் பூங்குருவி. பனிநாட்டுப் பறவை. நம் பக்கம் வழிதவறி வந்ததாக இதுவரை பதிவில்லை.’

“சார்... கருங்கழுத்துப் பூங்குருவி சார்” என்றார்.

மறுமுனையில் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. கேன்டீன் என்று நினைத்துக்கொண்டார்.

“எங்கய்யா?”

“எங்க வீட்டுப் பின்னாடி, மரத்துல சார். ஆபீசுக்குக் கிளம்பினேன். அப்படியே கண்ணுல பட்டுது. விட்டுட்டு வர மனசு வரல சார்.”

“எத்தனை மணிக்கு?”

“எட்டரைக்கு சார்.”

“எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“இப்ப வரைக்கும் சார்.”

“இப்ப வரைக்குமா!” அவர் குரலில் கரகரப்பு சட்டென்று காணாமல் போனது. “சபாஷ்! நல்லா ஞாபகம் வெச்சுக்க. எட்டரை மணி முதல் பதினொன்று நாற்பது வரை. ஒரு நிமிஷம்கூடக் கொறையக் கூடாது. வேற யாரும் பார்த்தாங்களா?”

“இல்ல சார், நான் தனியாத்தான்...”

“ரொம்ப நல்லது!”

“சார்... கூட்டம்...”

“கூட்டத்தை விடுய்யா! கூட்டம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருது. பூங்குருவி வருமா?”

போன் வைக்கப்பட்டது. நூறு கிராம் கட்டிலில் உட்கார்ந்தபடியே காலண்டர் பறவையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அந்தக் கூட்டம் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. மேலிடத்திலிருந்து ‘பெரியவர்’ எனப்படும் இயக்குநர், இங்கே பைனாகுலர், கணக்குச் சொல்ல நூறு கிராம், ஆக மூன்றே பேர். தேநீர் கொண்டுவைக்கப் பியூன் ஒருவர். ‘நான் வரலைன்னு பெரியவர் ஏதாவது சொன்னாரா?’ என்று மறுநாள் செவ்வாய்க்கிழமை பியூனிடம் விசாரிக்கப் போனால், மகளுக்குப் பிரசவம் என்று அவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். பைனாகுலரிடம் கேட்கத் துணிச்சல் இல்லை. மெமோவும் வரவில்லை. நல்லதுதானே, கிளறுவானேன் என்று விட்டுவிட்டார்.

ஆனால் பைனாகுலர் விடவில்லை. அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எழுத்துல கொடு.”

“எதை சார்?”

“குருவியை!”

நூறு கிராமுக்கு எழுதத் தெரிந்த அறிக்கை உலகத்திலேயே ஒன்றுதான்: படிவம் ஏழு, தராசுப் பரிசோதனை. அதிலேயே எழுதினார். ‘கருவியின் பெயர்: பூங்குருவி. தயாரிப்பு: பனிநாடு. எடை: சுமார் நூறு கிராம், நிறுத்துப் பார்க்கவில்லை. இருபுறமும் சமநிலை: இடது கால் தூக்கியபோதும் உண்டு. கண்ட பிழை: இல்லை.’

பைனாகுலர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். “இப்படி ஒரு துல்லியத்தை நம்ம கழகத்துல எவனும் எழுதினது இல்லைய்யா. சரி, போட்டோ எங்கே?”

“போட்டோவா சார்?”

“மூணு மணி நேரத்துக்கு மேல பார்த்திருக்கே, ஒரு போட்டோகூடவா எடுக்கல? அந்தப் பல் டாக்டர் கேப்பானே!”

பல் டாக்டர் கழகத்தின் செயலாளர். தலைவர் நாற்காலியின் மேல் கண் வைத்து ஏழு வருஷமாகக் காத்திருப்பவர். அடுத்தவர் பார்த்த பறவையை, சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிப் பார்க்காமல் ஏற்கமாட்டார்.

வீட்டில் மனைவி திரும்பி வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“பனிநாட்டுலேர்ந்து பறந்து நம்ம வீட்டுக்கா வந்துச்சு? ரெண்டு தெரு தள்ளி இருக்கிற எங்க அம்மாவே நீங்க இருக்கீங்கன்னா வர மாட்டேங்குறாங்க!”

“மெல்லப் பேசு. உன் தம்பியைக் கூப்பிடு.”

மச்சினன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். உருண்டை முகத்தை நீள முகமாக்குவதும், வழுக்கையில் முடி நடுவதும் பிழைப்பு. வந்ததும் காலண்டரைப் பார்த்தான், கொல்லை மரத்தைப் பார்த்தான், கத்தரிக்கோலைக் கேட்டான்.

“இவ்வளவுதானா மாமா? நான் என்னவோ பெரிய பிரச்சினைன்னு ஓடி வந்தேன்!”

காலண்டர் பறவையை வெட்டி, செல்லோடேப் போட்டு மரத்தின் மூன்றாவது கிளையில் ஒட்டினான். பத்தடி தள்ளி நின்று, கையை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு படம் எடுத்தான்.

“கலங்கலா இருக்கேடா?”

“தெளிவா இருந்தா சந்தேகப்படுவாங்க மாமா. கலங்கலா இருந்தாத்தான் நம்புவாங்க. என் அனுபவத்துல சொல்றேன்.”

பறவையைப் பிய்த்து எடுக்கும்போது டேப்போடு இடது கால் மட்டும் கிளையிலேயே நின்றுவிட்டது. “ஒரு கால்தானே, காத்துல போயிடும்” என்று மச்சினன் கிளம்பிவிட்டான்.

மறுநாள் பைனாகுலரின் மேஜையில் பல் டாக்டர் இரண்டு படங்களை அக்கம்பக்கமாக வைத்தார். ஒன்று மச்சினன் எடுத்தது. மற்றது கழகக் காலண்டர்.

“தலைவரே, இதுலயும் இடது கால் தூக்கியிருக்கு. அதுலயும் இடது கால் தூக்கியிருக்கு.”

ஓரமாக நின்றிருந்த நூறு கிராமுக்கு இரண்டு காலும் தரையில் இல்லை.

பைனாகுலர் அசரவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அதுதான் டாக்டர் இந்த இனத்தோட அடையாளமே! இது காலை ஊனிக்கிட்டு நின்னிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்.”

பல் டாக்டர் பல்லைக் கடித்தார். “அப்போ நேர்லயே பார்த்துடுவோம். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு, கழகம் முழுக்க.”

“தாராளமா! குருவி அங்கேயேதான் இருக்கும்.”

இவ்வளவு தைரியம் இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வருகிறது என்று நூறு கிராமுக்குப் புரியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தார். வெள்ளிக்கிழமை மாலை அறைக் கதவைத் தட்டினார்.

“சார், ஒரு விஷயம். குருவி போயிடுச்சு.”

“போகலை.”

“இல்ல சார், இன்னைக்குக் காலைல என் கண்ணால...”

“போகலைய்யா.” பைனாகுலர் கோப்பை மூடினார். “மேலிடத்துக்கு எழுதியாச்சு. பெரியவரே ‘அப்படியா, அதிசயம்தான்’னு பதில் போட்டுட்டாரு. இனிமே அந்தக் குருவி ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்கேதான் இருக்கு. அது போனா நீயும் போவே. கிடங்குச் சாவி இப்பக்கூட என் டிராயர்லதான் இருக்கு, பார்க்குறியா?”

நூறு கிராம் பார்க்க விரும்பவில்லை.

சனிக்கிழமை வீட்டில் ஆலோசனை நடந்தது.

“ஒரு மைனாவைப் புடிச்சு, கழுத்துல கொஞ்சம் ஷூ பாலிஷ் போட்டா...” என்று ஆரம்பித்தான் மச்சினன்.

“வாயில்லாத ஜீவனுக்குப் பாலிஷ் போட்டீங்கன்னா, அதே பாலிஷை உங்க ரெண்டு பேர் மூஞ்சியிலயும் பூசி அனுப்பிடுவேன்” என்றாள் மனைவி.

“சரிக்கா, சரி. பார்க்க வேணாம், கேக்க வெச்சிடுவோம். பூங்குருவி பாட்டு என் போன்ல இருக்கு. போனைச் செடிக்குள்ள மறைச்சு வெச்சிடுறேன். ‘அங்கேதான் இருக்கு, வெளியே வரமாட்டேங்குது’ன்னு சொல்லிடுங்க மாமா. அரை மணி நேரம் கேட்டுட்டுப் போயிடுவாங்க.”

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் துணித்தொப்பி. எல்லோர் கழுத்திலும் கருவிகள். பீரங்கி மாதிரி கேமரா வைத்திருந்தவர் ஒருவர். மடக்கு நாற்காலியோடு வந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். இயற்கையை நேசிக்கும் அத்தனை பேரும் மனைவி நட்டு வளர்த்த ரோஜாச் செடிகளை மிதித்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள்.

செடிக்குள்ளிருந்து இனிமையாக ஒரு சீழ்க்கை எழுந்தது.

“ஆகா!” என்று தலைமை ஆசிரியர் கண்ணை மூடினார்.

பல் டாக்டரின் முகம் தொங்கியது. சீழ்க்கை மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை பாதியில் நின்று, செடிக்குள்ளிருந்து ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. பிறகு போனின் இயந்திரக் குரல் சொன்னது: “மாமனார் அழைக்கிறார். மாமனார் அழைக்கிறார்.”

இருபத்துமூன்று தொப்பிகளும் திரும்பின. மச்சினன் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“பூங்குருவிக்கு மாமனார் எல்லாம் உண்டா தலைவரே?” என்றார் பல் டாக்டர் மெதுவாக.

நூறு கிராம் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டு தெரிந்தது. கிடங்கு இப்படித்தான் இருக்கும்.

“பார்த்தீங்களா!” பைனாகுலரின் குரல் ஓங்கி ஒலித்தது. “காதுல விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லுது! இந்த இனத்துக்கு இப்படி ஒரு திறமை இருக்குன்னு எந்தப் புத்தகத்துலயாவது இருக்கா? இல்லை! இன்னைக்கு நாமதான் கண்டுபிடிச்சிருக்கோம்!”

‘நாம்’ என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கண்டுபிடிப்பில் தனக்கும் பங்கு உண்டு என்பது ஒவ்வொரு தொப்பிக்கும் உறைத்தது.

“அதோ!” பைனாகுலர் தூரக்கண்ணாடியை உயர்த்தினார். “மூணாவது கிளை. இலைக்குப் பின்னாடி. எல்லாருக்கும் தெரியுதில்ல?”

எல்லோரும் தத்தம் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்கள். தெரியவில்லை என்று முதலில் சொல்பவனுக்குப் பார்வை போய்விட்டது என்று அர்த்தம்.

“எனக்கு... கால் தெரியுது” என்றார் தலைமை ஆசிரியர் தயங்கி.

“எனக்கும்! தூக்கியிருக்கிற கால்! இடது கால்!” என்றார் பீரங்கிக்காரர்.

அது பொய்யில்லை. மூன்றாவது கிளையில் செல்லோடேப்போடு காகிதக் கால் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கால் தெரிந்த பிறகு மற்றது தெரிய எவ்வளவு நேரமாகும்? ஒருவருக்கு வால் தெரிந்தது. ஒருவருக்கு அலகு. கடைசி வரிசையிலிருந்தவருக்கு, மரமே பாதிதான் தெரியும் இடத்திலிருந்து, கண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தெரிந்தது. பல் டாக்டர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

“என்ன டாக்டர்?” என்றார் பைனாகுலர் பரிவோடு. “உங்களுக்கு மட்டும் தெரியலையா? பாவம். கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு? இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா அடுத்தவன் பல்லைப் புடுங்குறீங்க?”

இருபத்திரண்டு பேரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் பல் காட்டுகிறவர்கள்.

அவர் தூரக்கண்ணாடியை உயர்த்தினார். நிதானமாகப் பார்த்தார்.

“ஆண்” என்றார். “ரெண்டு வயசு இருக்கும். நீங்க இவ்வளவு நேரம் பார்த்தும் அதைக் கவனிக்கலையே தலைவரே?”

சமையலறை ஜன்னல் திறந்தது. “ஏங்க, அங்க ஒண்ணுமே இல்லையே? எல்லாரும் எதைப் பார்க்குறீங்க?”

“ஷ்ஷ்ஷ்!” என்றன இருபத்துமூன்று வாய்கள்.

“பறந்துடப் போகுதும்மா!” என்றார் தலைமை ஆசிரியர்.

நூறு கிராமால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அரை கிராமுக்காகக் கடையைப் பூட்டிய அந்தப் பழைய ஆய்வாளர் உள்ளே எங்கோ விழித்துக்கொண்டார்.

“ஐயா, எல்லாரும் மன்னிக்கணும். உண்மையைச் சொல்லிடுறேன். நான் அந்தக் குருவியைப் பார்க்கவே இல்லை. இப்பவும் எனக்கு எதுவும் தெரியல.”

பல் டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“பரவாயில்லை. பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.”

“இல்லீங்க, நான் சொல்ல வர்றது...”

“பாவம், வெள்ளந்தி” என்றார் பீரங்கிக்காரர். “வீட்டுப் பின்னாடியே வந்து நிக்குது, அனுபவிக்கக் கொடுத்து வைக்கல.”

அங்கேயே மடக்கு நாற்காலியில் வைத்து அறிக்கை எழுதப்பட்டது. பார்த்தவர்கள் இருபத்துமூன்று பேர். கடைசி வரியில், ‘வீட்டுக்காரர்: பார்க்கவில்லை.’

“முத்திரை எங்கய்யா?” என்றார் பைனாகுலர்.

ஆய்வாளரின் பையில் முத்திரை எப்போதும் இருக்கும். பார்க்காத தராசுகளுக்கு அவர் முத்திரை குத்தியதே இல்லை என்று சொல்ல முடியாது. வெயில் அதிகமான நாட்களில் அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கும் தாளிலேயே, அந்த வரிக்கு நேர் கீழே, தன் கையால் குத்தியது இதுதான் முதல் தடவை. ‘பரிசோதித்துச் சரியெனக் காணப்பட்டது.’

எல்லோரும் கை தட்டினார்கள். காற்று பலமாக அடித்தது. காகிதக் கால் டேப்போடு பிய்த்துக்கொண்டு பறந்தது.

“போயிடுச்சு!” என்று இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் ஏக்கத்தோடு சொன்னார்கள்.

திங்கட்கிழமை நூறு கிராம் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அறிக்கையின் நகல் கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றுத் தான் குத்திய முத்திரை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மேலே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. ‘முதல் பார்வை: சென்ற திங்கட்கிழமை, காலை எட்டரை மணி முதல் பதினொன்று நாற்பது வரை. இடம்: ஆய்வாளர் இல்லம். பார்த்தவர்: துணை இயக்குநர்.’

அவருக்குச் சுருக்கென்றது. பார்க்காத குருவிதான், என்றாலும் அது தன் குருவி. படுக்கையில் உட்கார்ந்து, வியர்த்து விறுவிறுத்து, சொந்த மூளையில் பெற்றெடுத்த குருவி. அதைப் போய் இந்த மனுஷன் தன் பெயரில் எழுதிக்கொள்வதா? பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு அடுத்தவன் புகழ்மேல் அப்படி என்ன ஆசை!

மின்விசிறிக் காற்று வாங்கியபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் எழுந்து சிரித்தார்.

“பேரன் சார். ரெண்டே முக்கால் கிலோ. நம்ம ஆபீஸ் தராசுல இல்ல, ஆஸ்பத்திரி தராசுல.”

“ரொம்ப சந்தோஷம். மெமோ இல்லாம தப்பிச்சோமேன்னு நானும் சந்தோஷமாத்தான் இருக்கேன்.” நூறு கிராம் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் போனார். “அது சரி, போன திங்கட்கிழமைக் கூட்டத்துல நான் வரலைன்னு பெரியவர் ஏதாவது சொன்னாரா? நம்மாளு என்னைப் பத்தி என்ன சொல்லிச் சமாளிச்சாரு?”

பியூன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“என்ன சார் தெரியாத மாதிரி கேக்குறீங்க? அன்னைக்குப் பெரியவர் மட்டும் தனியா உக்காந்து, ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே ஒரு தட்டு பிஸ்கட்டையும் தின்னு முடிச்சாரு. பன்னெண்டு மணிக்கு நம்ம ஐயா போன் பண்ணி, காலைலேர்ந்து உங்க வீட்டுல பூங்குருவி பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்னு சொன்னாரே, அப்போ அவர் உங்க வீட்டுலதானே சார் இருந்தாரு?”